நாலு சதுர வீடும் சுருங்காத செலவுகளும்

கும்பகோணத்துக்கு வெளியே இரண்டு சென்ட் மனையில் 400 சதுர அடிக்கு, அதாவது நாலு சதுரத்துக்கு, ஒரு வீடு கட்டி, 2025 கார்த்திகையில் குடிவந்தோம். நான், கணவர், பள்ளிக்குப் போகும் மகள் என்று மூன்று பேர். வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது, "சதுர அடி என்ன ரேட்டுக்கு முடிஞ்சுது?" என்றுதான். சின்ன வீடு கட்ட நினைப்பவர்களைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆயிரம் சதுர அடிக்கு மேல் கட்டுகிறவர்களுக்குச் சதுர அடிக் கணக்கு ஓரளவு பொருந்தும். அதே ரேட்டை 400-ஆல் பெருக்கி, "ஒன்பது லட்சம் இருந்தால் போதும்" என்று இறங்கினால் லிண்டல் மட்டத்திலேயே வேலை நின்றுவிடும். வீடு சிறுத்தால் செலவு குறையும். ஆனால் அதே அளவுக்குக் குறையாது. வீட்டோடு சேர்ந்து சுருங்காத செலவுகள் பல இருக்கின்றன. அவற்றை முதலில் எழுதிவிட்டு, மிஞ்சும் பணத்துக்குள் வீட்டின் அளவை முடிவு செய்ய வேண்டும். சின்ன வீட்டின் பட்ஜெட் அப்படித்தான் தொடங்கும்.

எங்கள் கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தொகைகள் எங்கள் பகுதியில் 2025-இல் ஆனவை. ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறை எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

சுருங்காதவற்றின் பட்டியல்

கடைக்கால் முதல் பெயின்ட் வரை, கட்டடத்துக்கு மட்டும் எங்களுக்கு 8.80 லட்சம் ஆனது. அதாவது சதுர அடிக்கு 2,200 ரூபாய். அதற்கு வெளியே ஆனவை இவை:

போர், மோட்டார்: 60,000
சம்ப், மேல்தொட்டி, வெளிக் குழாய்கள்: 45,000
செப்டிக் டேங்க், உறிஞ்சு குழி: 50,000
தற்காலிக, நிரந்தர மின் இணைப்புகள்: 25,000
மனையை உயர்த்தக் கிராவல்: 40,000
முன்பக்கக் காம்பவுண்ட் சுவர், கேட்: 75,000
வரைபடம், அனுமதிக் கட்டணம்: 20,000

மொத்தம் 3.15 லட்சம். இதையும் சேர்த்தால் வீட்டுக்கு 11.95 லட்சம், சதுர அடிக்கு ஏறக்குறைய 3,000 ரூபாய். இதே 3.15 லட்சத்தை 1,000 சதுர அடி வீட்டுக்குப் பங்கிட்டால் சதுர அடிக்கு 315 ரூபாய்தான் ஏறும். 400 சதுர அடி வீட்டுக்கு 790 ரூபாய் ஏறுகிறது. பெரிய வீடு கட்டிய உறவினர் சொல்லும் ரேட் நமக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்.

போர் போடும் வண்டிக்கு வீட்டின் அளவு தெரியாது. செப்டிக் டேங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் வரைக்கும் இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் மிகச் சிறிய தொட்டியே ஏறக்குறைய 5 அடி நீளம், 2.5 அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 3.25 அடி. நாம் மூன்று பேர்தானே என்று அதைச் சிறிதாக்க முடியாது. வீட்டுக்குள்ளும் இப்படித்தான். வாசற்கதவு ஒன்று, கழிப்பறைக் கோப்பை ஒன்று, சமையல் மேடை ஒன்று, மெயின் போர்டு ஒன்று. பெரிய வீட்டில் இவற்றைச் சுற்றி வெற்று அறைகள் இருக்கும். வெற்று அறை கட்டுவதுதான் இருப்பதிலேயே மலிவான வேலை. சின்ன வீட்டில் செலவு பிடிக்கும் பகுதிகளே வீட்டில் பெரும்பங்கு.

வண்டி வாடகையும் சுருங்காது. அரை யூனிட் எம்-சாண்ட் வாங்கினாலும் லாரி வாடகை ஏறக்குறைய அதேதான். கான்கிரீட் போட வரும் மிக்சருக்கும் ஆட்களுக்கும் ஒரு நாள் கூலி என்று பேசினால், மதியமே வேலை முடிந்தாலும் முழுநாள் கூலிதான். எங்கள் தெருவில் இன்னொரு வீட்டு வேலையும் நடந்தது. ஜல்லி, மணல் லோடுகளை அவர்களோடு பேசிப் பாதிப் பாதியாக இறக்கிக்கொண்டோம். சின்னதாகக் கட்டுகிறவர்கள் அக்கம்பக்கத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

சுவர் தின்னும் இடம்

20 அடிக்கு 20 அடி வீடு என்றால் வெளிச்சுவரின் சுற்றளவு 80 அடி. 40-க்கு 20 என்றால் பரப்பு இரண்டு மடங்கு, 800 சதுர அடி. சுற்றளவோ 120 அடிதான், ஒன்றரை மடங்கு. சின்ன வீட்டில் ஒவ்வொரு சதுர அடிக்கும் சுவர் அதிகம் தேவைப்படுகிறது. அதனால் வடிவத்தில் கவனம் வேண்டும். அதே 400 சதுர அடியை 40-க்கு 10 என்று ரயில் பெட்டி போல நீட்டிக் கட்டினால் சுற்றளவு 100 அடியாகிவிடும். 20 அடி நீளச் சுவர், அதற்குக் கடைக்கால், பூச்சு, பெயின்ட் எல்லாம் வீணாகக் கூடும். மனை இடம் கொடுத்தால் சதுரத்துக்கு நெருக்கமாகக் கட்டுங்கள். முன்னும் பின்னும் முட்டுகிற மூலைகள், தேவையில்லாத வளைவுகள் வேண்டாம்.

சுவரின் கனத்தையும் பாருங்கள். 20-க்கு 20 வீட்டில் வெளிச்சுவர் 9 அங்குலம் என்றால் உள்ளே கிடைப்பது 18.5-க்கு 18.5, அதாவது 342 சதுர அடி. 58 சதுர அடி சுவருக்கே போய்விடுகிறது. வீட்டில் ஏழில் ஒரு பங்கு. எங்களுடையது பில்லர், பீம் வைத்த கட்டுமானம். சுமையை அவை தாங்குவதால் வெளிச்சுவருக்கு 6 அங்குல சாலிட் பிளாக் போதும் என்றார் பொறியாளர். உள்ளளவு 19-க்கு 19, 361 சதுர அடி ஆனது. கூடுதலாகக் கிடைத்த 19 சதுர அடியில் மகள் படிக்கும் மேசையும் துணி அலமாரியும் வந்துவிட்டன. சுமை தாங்கும் சுவர் வைத்துக் கட்டுகிறவர்கள் பொறியாளரைக் கேட்காமல் கனத்தைக் குறைக்கக் கூடாது.

எவ்வளவு சின்னது வரை போகலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருக்கும் அறைக்கு 9.5 சதுர மீட்டர், அதாவது 102 சதுர அடியும், குறைந்தது 2.4 மீட்டர் அகலமும் வேண்டும் என்கிறது. சமையலறைக்கு 5 சதுர மீட்டர். குளியலும் கழிப்பும் சேர்ந்த அறைக்கு 2.8 சதுர மீட்டர். ஊரகங்களில் குடிசையில் வாழும் குடும்பங்களுக்கான கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி. அதற்கு அரசு வைத்திருக்கும் தொகை 3.50 லட்சம். தகுதி உள்ளவர்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள். நான் சொல்ல வருவது, 360, 400 சதுர அடி என்பது ஒரு குடும்பம் கண்ணியமாக வாழக்கூடிய அளவு. "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்களுக்காக ஒரு அறையைக் கூட்டாதீர்கள்.

பணம் எங்கிருந்து, எவ்வளவு

எங்கள் மொத்தத் தேவையை இப்படி எழுதினோம். மனையும் பத்திரச் செலவும் 6.60 லட்சம். வீடு 11.95 லட்சம். எதிர்பாராத செலவுக்கு வீட்டுத் தொகையில் பத்து சதவீதம், 1.20 லட்சம். வேலை நடக்கும் ஆறு மாத வாடகை 36,000. கிரகப்பிரவேசம் 40,000. ஆக ஏறக்குறைய 20.50 லட்சம். இதில் 11.50 லட்சம் சேமிப்பு. மீதி 9 லட்சம் வங்கிக் கடன்.

கடைசி மூன்று இனங்களைப் பலர் எழுதுவதே இல்லை. வீடு எழும்பும் காலத்தில் வாடகையும் கொடுக்க வேண்டும். வங்கி தவணை தவணையாகக் கொடுக்கும் கடனுக்கு வட்டியும் கட்ட வேண்டும். இரண்டும் ஒரே மாதத்தில் சேர்ந்து விழும். அதற்குத் தனியே பணம் எடுத்து வைத்தால்தான் வீட்டுச் செலவில் கை வைக்காமல் இருக்கலாம். பத்து சதவீதக் கையிருப்பைக் கடைசி வரை தொடாமல் வைத்திருந்தோம். அதில் பெரும்பகுதி பின்பக்க வடிகாலுக்கும் கூடுதல் கிராவலுக்கும் போனது. அந்தப் பணம் இல்லாமலிருந்தால் நகையை அடகு வைத்திருப்போம்.

30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிடக் கூடாது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தவணை தாண்டக் கூடாது என்று நாங்கள் கோடு போட்டுக்கொண்டோம். தவணைக் காலத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 9,130 ரூபாய். 20 ஆண்டு என்றால் 8,100. மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் போலத் தெரியும். ஆனால் மொத்தமாகக் கட்டுவது 16.43 லட்சத்திலிருந்து 19.43 லட்சமாகிவிடும். மாதம் ஆயிரத்துக்காக மூன்று லட்சம் கூடுதல். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் அசலில் கட்டுங்கள்.

மனை வாங்கும்போது

சின்ன மனையில்தான் சிக்கல் அதிகம். பெரிய மனையை இரண்டாக வெட்டி விற்பவர்கள் உண்டு. உட்பிரிவுக்கும் முறையான அனுமதி வேண்டும். 2016 அக்டோபருக்குப் பிறகு அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதிவதிலேயே தடை இருக்கிறது. பட்டா, புல வரைபடம், குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழ் மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். அந்தச் சில ஆயிரங்கள் பட்ஜெட்டில் முதல் வரியாக இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. எங்கள் 6 லட்சம் மனையை என் பெயரில் பதிந்தோம். 54,000 ரூபாய்க்குப் பதில் 48,000 ஆனது. மிச்சமான ஆறாயிரம் ஒரு பக்கம் இருக்கட்டும். மனை என் பெயரில் இருப்பது அதைவிடப் பெரிது.

அனுமதி வாங்குவதும் இப்போது எளிது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தின்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. "சின்ன வீடுதானே, பிளான் எதுக்கு?" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அனுமதி இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடனும் கிடைக்காது, பின்னால் விற்கும்போது விலையும் கிடைக்காது.

டெல்டாவில் மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது களிமண் பூமி. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். பக்கத்து வீடுகளில் சுவர் விரிசல் இருக்கிறதா, ரோட்டிலிருந்து மனை எவ்வளவு பள்ளம் என்று பாருங்கள். மனை விலையில் இரண்டாயிரம் மூவாயிரம் பேரம் பேசுவதைவிட, அரை அடி மேடான மனையைத் தேர்ந்தெடுத்தால் கிராவலில் அதிகம் மிச்சமாகும்.

மாடி உண்டா, இல்லையா?

இதை வானம் தோண்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பின்னால் மாடி எடுப்போம் என்றால் பில்லரும் கடைக்காலும் கம்பியும் இப்போதே அதற்கேற்றபடி வேண்டும். மாடிப்படிக்கு இடம் விட வேண்டும். எடுக்கவே போவதில்லை என்றால் அந்தப் பணத்தை மண்ணில் புதைக்க வேண்டியதில்லை. "பார்த்துக்கலாம்" என்பது இங்கே பதில் இல்லை. எங்களுக்கு ஒரே மகள், நாளை அவளுக்கு ஓர் அறை வேண்டும் என்பதால் மாடி தாங்கும் கடைக்கால் போட்டோம். படிக்கட்டைக் கட்டவில்லை. மேல்தொட்டிக்குப் போக இரும்பு ஏணி வைத்துக்கொண்டு, படிக்கட்டுக்கான இடத்தை வெளியே வெறுமையாக விட்டிருக்கிறோம். படிக்கட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தால் 400 சதுர அடியில் ஓர் அறையே போய்விடும்.

மேஸ்திரியுடன் பேசும் முறை

லேபர் கான்ட்ராக்ட் கொடுத்தோம். பொருளை நாங்கள் வாங்கினோம். மேஸ்திரி நல்ல வேலைக்காரர். முதல் நாள் பேச்சு இப்படிப் போனது.

"நாலு சதுரந்தானே அக்கா, சீக்கிரம் முடிச்சிரலாம்."

"அண்ணே, சம்ப்பும் செப்டிக் டேங்கும் இந்த ரேட்டுக்குள்ள வருதா?"

"அது தனி அக்கா. சன்ஷேடு, லாஃப்டு, கைப்பிடிச் சுவரெல்லாம் ஓடடி கணக்கு."

"கடப்பா பதிக்கிறது?"

"அதுவும் தனிதான்."

அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னார். கேட்டால்தான் இந்தப் பதில்கள் வரும். சென்ட்ரிங் பலகை யாருடையது, கம்பி கட்டும் கூலி உள்ளே வருகிறதா, தண்ணீர் ஊற்ற ஆள் யார், குப்பை அள்ளுவது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வெள்ளைத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். பணத்தைப் பேஸ்மென்ட், லிண்டல், தளம், பூச்சு, முடிப்பு என்று ஐந்து கட்டமாகப் பிரித்தோம். ஒரு கட்டம் முடிந்த பிறகே அதற்கான பணம். கடைசிப் பத்து சதவீதம் எல்லா வேலையும் முடிந்து, மேல்தளத்தில் தண்ணீர் கட்டிக் கசிவு பார்த்த பிறகு. இடையில் ஆட்களுக்குச் சனிக்கிழமைக் கூலி கேட்டால் கொடுக்கலாம். அதே நாளில் நோட்டில் எழுதி அவரிடம் காட்டிவிடுங்கள். பணம் விஷயத்தில் மனக்கசப்பு வராமல் இருந்தாலே வேலை பாதி சுத்தமாக இருக்கும்.

அளந்து வாங்குங்கள்

மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரி வந்ததும் கொட்டுவதற்கு முன் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுத்தால் போதும். 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 1.8 யூனிட். பில்லில் 2 யூனிட் என்று இருந்தால் அங்கேயே பேசிக்கொள்ளலாம். கொட்டிய பிறகு பேச முடியாது.

கம்பிக்கும் ஒரு சூத்திரம் உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளமுள்ள 8 மி.மீ. கம்பி 4.7 கிலோ, 10 மி.மீ. 7.4 கிலோ, 12 மி.மீ. 10.7 கிலோ. கம்பிகளை எண்ணிப் பெருக்கி, எடைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். சிறு வித்தியாசம் இயல்பு. பெரிதாக இருந்தால் கேளுங்கள்.

எவ்வளவு தேவை என்று முன்கூட்டியே தெரிந்தால் மிச்சம் பிடிக்கலாம். 400 சதுர அடித் தளம் 5 அங்குலக் கனம் என்றால் 167 கன அடி கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற கலவையில் தளத்துக்கு மட்டும் ஏறக்குறைய 38 மூட்டை சிமென்ட். பீம், சன்ஷேடுக்குத் தனி. இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் பொறியாளரிடம் அளவு எழுதி வாங்கி, அந்தக் கட்டத்துக்கு மட்டும் இறக்கினோம். சிமென்டை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள்; மூன்று மாதம் தாண்டினால் வலு குறையும். விலை ஏறிக்கொண்டே போகும் என்றும் இல்லை. 2025 செப்டம்பர் 22 அன்று சிமென்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பூச்சு வேலைக்கு வாங்கிய மூட்டைகளில் எங்களுக்கு அந்தக் குறைவு கிடைத்தது.

எதில் குறைக்கலாம், எதில் கூடாது

பிறகு மாற்ற முடியாததில் குறைக்காதீர்கள். கடைக்கால், கம்பி, கான்கிரீட், சுவருக்குள் போகும் ஒயர், குழாய், குளியலறை நீர்த்தடுப்பு, மேல்தளத்துத் தட்டோடு இவையெல்லாம் அந்த வகை. பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியதில் இன்றைக்குக் குறையுங்கள். டைல்ஸ், விளக்குகள், அலமாரிக் கதவுகள், பெயின்ட், முகப்பு அலங்காரம் எல்லாம் ஐந்து வருடம் கழித்தும் செய்யலாம்.

சமையலறையில் மாடுலர் வேலை செய்யவில்லை. கடப்பா கல்லை வைத்து மேடையும் அடுக்குகளும் கட்டினோம். ஈரத்துக்கும் கரையானுக்கும் பயமில்லை. செலவும் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்தது. கட்டிலுக்கு அடியில் பெட்டி, அறைவாசலுக்கு மேலே லாஃப்டு, சன்னலுக்குக் கீழே உட்காரும் திண்ணை, அதற்குள் சாமான் வைக்கும் இடம் என்று எல்லாவற்றையும் வரைபடத்திலேயே குறித்துவிட்டோம். மூன்றடிக் கதவு ஒன்று திறந்து மூட 7 சதுர அடி கேட்கும். குளியலறைக்கு மட்டும் இழுக்கும் கதவு வைத்தோம்.

இடிக்கும் வீடுகளின் கதவு, சன்னல்களைத் தேடிப் போங்கள். கும்பகோணம், காரைக்குடிப் பக்கம் பழைய தேக்கு நிலைகள் விற்பனைக்குக் கிடைக்கும். எங்கள் வாசல் நிலையும் கதவும் அப்படி வந்தவை. அந்த விலைக்குப் புது மரத்தில் அந்தத் தரம் கிடைத்திருக்காது. தச்சரை உடன் அழைத்துப் போய், செல்லரிக்காத மரமா என்று பார்த்து வாங்குங்கள்.

இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இந்த வழிகளையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டியவர். செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டில் செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சமாகும். தளத்தில் சுமை தாங்காத கீழ்ப்பாதிக் கான்கிரீட்டின் இடத்தில் ஓடுகளைப் பதித்துச் செலவைக் குறைப்பது இன்னொரு முறை. இவற்றை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அந்த வேலை தெரிந்த மேஸ்திரி கிடைத்தால் மட்டுமே செய்யுங்கள். நாலு சதுர வீட்டில் பொருள் மிச்சம் சில ஆயிரங்கள்தான். பழகாத கை செய்தால் கூலியும் நாளும் அதைத் தாண்டிவிடும். பேக்கரிடமிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு: ஒவ்வொரு செலவுக்கும் முன் "இது தேவைதானா?" என்று கேட்பது.

காலமும் பணம்தான்

டெல்டாவில் ஐப்பசிக்கு முன் தளம் போட்டுவிட வேண்டும். அடைமழை பிடித்தால் லாரி மனைக்குள் வராது, ஆட்கள் வரமாட்டார்கள், வாடகையும் வட்டியும் மட்டும் ஓடும். வைகாசியில் தொடங்கி, ஆவணியில் தளம் போட்டு, மழைக்காலத்தில் உள்பூச்சும் ஒயரிங்கும் செய்தோம். ஆடியில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் குறைவு என்பதால் நடந்துகொண்டிருந்த எங்கள் வேலைக்கு ஆட்கள் தாராளமாகக் கிடைத்தார்கள். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் கட்டுவதைக் குறைந்தது ஏழு நாள் விடாதீர்கள்; அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

கட்டிய வீட்டை வாங்குபவர்களுக்கு

நாங்கள் முதலில் சின்ன ஃபிளாட்டுகளையும் பார்த்தோம். அங்கே விளம்பரத்தில் இருக்கும் அளவு வேறு, கால் வைக்கும் இடம் வேறு. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், வீட்டுக்குள் உண்மையில் புழங்கும் பரப்பான கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது. விலையை அந்த அளவால் வகுத்துப் பாருங்கள். உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத மனைப் பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் பாருங்கள். மாதப் பராமரிப்புக் கட்டணத்தையும் கடன் தவணையோடு சேர்த்துக் கூட்டுங்கள்.

பழைய தனி வீடு வாங்கினால் போர், மின் இணைப்பு, செப்டிக் டேங்க் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். சுருங்காத செலவுகள் முடிந்துவிட்ட வீடு அது. சின்னதாக வாங்க நினைப்பவர்களுக்கு இது உண்மையான லாபம். ஆனால் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தளம் ஒழுகுகிறதா, கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்கிறதா என்று ஒரு பொறியாளரைக் கூட்டிப்போய்ப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்களால் திரட்ட முடிந்த மொத்தத் தொகையை எழுதுங்கள். அதிலிருந்து மனை, பத்திரம், சுருங்காத செலவுகள், பத்து சதவீதக் கையிருப்பு, வாடகை, வட்டி எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவதை உங்கள் ஊர் சதுர அடி ரேட்டால் வகுங்கள். வரும் விடைதான் உங்கள் வீட்டின் அளவு. 350 வந்தால் 350 கட்டுங்கள். 300-க்கும் கீழே வந்தால் இன்னும் ஓராண்டு சேமியுங்கள், அல்லது கட்டிய வீட்டைத் தேடுங்கள். அளவை முதலில் முடிவு செய்துவிட்டுப் பணத்தைத் தேடி ஓடாதீர்கள். தவணை கட்டிய பிறகும் மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் பணம் மிஞ்ச வேண்டும். அப்படி மிஞ்சும்படி கட்டிய வீடுதான் நமக்குக் கட்டுப்படியான வீடு.